அளவுச் சட்டை

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, கடையை அடைக்கப்போகிற நேரத்தில், ஒரு பையன் துணிப்பையோடு வந்து நின்றான். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், 22 வயது இருக்கும். அக்காவுக்குக் கல்யாணம், மூன்று வாரத்தில் சட்டை வேண்டும் என்றான். பொள்ளாச்சியில் எடுத்த துணி, சந்தன நிறம், நல்ல காட்டன். வழக்கம்போல் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினேன். அவன் ஓர் எட்டு பின்னால் போனான். "அளவு வேண்டாங்க்கா. அளவுச் சட்டை கொண்டாந்திருக்கேன், இதை வெச்சே தெச்சிருங்க" என்று ஒரு பழைய சட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

அளவுச் சட்டை கொடுப்பது புதிதில்லை. துபாயில் இருக்கும் மகனுக்கு, படுக்கையில் கிடக்கும் மாமனாருக்கு என்று கொண்டு வருவார்கள். ஆளே எதிரில் நிற்கும்போது சட்டையைக் கொடுத்து இதைப் பார்த்துத் தை என்றால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். விரித்துப் பார்த்தேன். அக்குளில் தையல் இழுபட்டு நூல் வெளியே தெரிந்தது. மூன்றாவது, நான்காவது பட்டன்களின் காஜா நீண்டு கிழிந்திருந்தது. அந்தச் சட்டை அவனுக்குப் பத்தாமல் போய் ஒரு வருடமாவது ஆகியிருக்கும். "இது இறுக்கிப் பிடிக்குமே தம்பி, ஒரு தடவை டேப் வெச்சுப் பார்த்துக்கலாமே" என்றேன். "பரவால்லீங்க்கா" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் ஆளை அடையாளம் கண்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால், இதே மேசைக்கு முன்னால், அந்தச் சிரிப்பை ஒரு முறை பார்த்திருக்கிறேன். அன்று அதை வரவழைத்தது நான்தான்.

ஊஞ்சல் கயிறு

உடம்பைப் பற்றிப் பேச, கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் இரண்டு மொழி இருக்கிறது. வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், பஸ்ஸில் எது முந்துகிறதோ அது. மலையாளத்தில் ஒருத்தர் எடை கூடியிருந்தால் 'நன்னாயல்லோ' என்பார்கள், நல்லாயிட்டியே என்று அர்த்தம். இளைத்திருந்தால் 'க்ஷீணிச்சல்லோ' என்பார்கள், சோர்ந்து போயிட்டியே என்று. பஞ்சம் பார்த்த காலத்தில் பிறந்த சொற்களாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஊகம். தமிழிலும் 'பூசினாப்ல இருக்கே' என்பது ஒரு காலத்துப் பாராட்டு. 'உடம்பு வெச்சிருக்கே' என்பது மட்டும் சொல்கிறவர் குரலைப் பொறுத்தது. மாமியார் சொன்னால் ஒன்று, கூடப் படித்தவள் சொன்னால் வேறொன்று.

ஆனால் இரண்டு மொழியிலும் பாராட்டு ஒரு வயதுக்கு மேல் தீர்ந்துபோகிறது. நன்னாயல்லோ சொன்ன வாயே 'தடிச்சி' என்றும் சொல்லும். தமிழில் கேட்கவே வேண்டாம். குண்டு, பூசணிக்கா, பீப்பா, பப்ளிமாஸ். போதாததற்கு, உடம்பில் சேரும் நெய்க்கும் திமிருக்கும் சேர்த்து 'கொழுப்பு' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். குண்டான பிள்ளை எதிர்த்துப் பேசினால் அந்த ஒரு சொல்லே போதும், இரண்டு அடி சேர்ந்து விழும். கைக்குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் கன்னத்தைக் கிள்ளி முத்துகிறோம். அதே கன்னம் பத்து வயதில் குண்டுக் கன்னம். எந்தப் பிறந்தநாளுக்கு இந்தப் பேர் மாற்றம் நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

எனக்கு நடந்த நாள் எனக்குத் தெரியும். ஒன்பது வயது, ஓணம் லீவு. தெருக்கோடிப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். வரிசையில் நின்று என் முறை வந்து ஏறினேன். தள்ளிவிட வந்த மாமா மேலே பார்த்து, "இருங்கடா, கயிறு தாங்குமான்னு பார்த்துக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா கெட்டவர் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வருடா வருடம் வாங்கித் தந்தவர் அவர்தான். அந்த ஊஞ்சலில் ஆடினேன், நன்றாகத்தான் ஆடினேன். ஆனால் அன்றைக்கு அப்புறம் எதில் உட்கார்ந்தாலும் அது தாங்குமா என்று முதலில் பார்ப்பேன். பிளாஸ்டிக் நாற்காலி, சைக்கிள் கேரியர், கல்யாண வீட்டு பெஞ்ச். இப்போது 47 வயதாகிறது, இன்றும் பார்க்கிறேன்.

பத்தாம் வகுப்பில் எனக்கு மஞ்சக்காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். உப்பில்லை, எண்ணெயில்லை, எது உள்ளே போனாலும் வெளியே வந்தது. ஒன்றரை மாதத்தில் ஒன்பது கிலோ போய்விட்டது. திரும்பப் பள்ளிக்கூடம் போன அன்றைக்கு எனக்குக் கிடைத்த வரவேற்பு வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. "ஆளே மாறிட்டியே", "என்ன சாப்பிட்டே, எனக்கும் சொல்லு", "இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கே". கண்ணில் மஞ்சள் இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒருத்தர்தான் வேலியோரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மோளே, வல்லாதெ க்ஷீணிச்சு போயல்லோ" என்று கண் கலங்கினார். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. எல்லோரும் அழகு என்கிற நேரத்தில் இந்தம்மா ஒருத்தர் நோயைப் பார்க்கிறாரே என்று. அந்த வருடம் காமாலை போகக் கூடாது என்று நான் சாமி கும்பிட்டதைச் சொன்னால் நம்புவீர்களா?

அம்மா என் பாவாடை சட்டை எல்லாவற்றையும் பிடித்துத் தைத்தாள். துணியை வெட்டவில்லை, உள்ளே மடித்து விட்டாள். "அதான் இளைச்சுட்டனே, வெட்டியெறி" என்று சண்டை போட்டேன். "இருக்கட்டும் கண்ணு, உள்ள கிடக்கிற துணி யாரை என்ன பண்ணுது" என்றாள். சாப்பாடு இறங்க ஆரம்பித்ததும் போன ஒன்பது கிலோ கூட இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஆனால் என் சட்டைகள் மட்டும் உடம்பை இறுக்கவே இல்லை. எல்லாம் சரியாகவே இருந்தன. நான் அவ்வளவாக ஏறவில்லை போல என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் துவைத்துக் காயப்போடும்போது வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். விலாத் தையலுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பழைய ஊசித்தடம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. நான் தூங்கின பிறகு அம்மா ராத்திரியில் தையலைப் பிரித்துப் பிரித்து விட்டிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் கால் இஞ்ச், அரை இஞ்ச். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்ஸ்

2016 ஜூலையில் கேரள பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் ஒரு புது வரியைக் கொண்டுவந்தார். பெரிய பெரிய பிராண்ட் ஓட்டல்களில் விற்கும் பர்கர், பீட்சா, பாஸ்தா வகையறாக்களுக்கு 14.5 சதவீதம். 'ஃபேட் டாக்ஸ்', அதாவது கொழுப்பு வரி என்று பேப்பர் எல்லாம் போட்டன. எங்கள் ஊரில் அந்த வரி கட்டக்கூடிய ஓட்டல் ஒன்றுகூடக் கிடையாது. பொறோட்டாவுக்கும் பழம்பொரிக்கும் பேக்கரி பப்ஸுக்கும் வரி இல்லை. ஆனால் வரி வராத ஊருக்கும் வார்த்தை வந்து சேர்ந்துவிட்டது. அந்த வருடம் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் விழுந்ததோ, எனக்குத் தெரிந்து ஒருவனுக்கு விழுந்தது. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்த வரி காணாமல் போனது. பேர் போகவில்லை.

2017 மே கடைசி வாரம். ஜூன் முதல் தேதி பள்ளிக்கூடம் திறப்பு என்றால் தையல்கடைக்காரிக்கு அது எப்படிப்பட்ட வாரம் என்று தையல்காரர்களுக்குத் தெரியும். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து ஊசி கோக்க முடியாமல், மிஷினை என்னிடம் விட்டுவிட்டுச் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் டேப்பைப் பிடித்து நம்பர் சொல்ல, காஜா எடுக்கும் பெண் நோட்டில் எழுதுவாள். ஒரு நாளைக்கு 40 பிள்ளைகள். ஒரு அப்பா மகனைக் கூட்டி வந்தார், ஒன்பதாம் வகுப்பு போகிறவன். பெஞ்சில் ஏற்கெனவே அதே பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் சுடிதாருக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் அங்கே இருந்தது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

பையன் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். "மூச்சை விடு தம்பி, இல்லாட்டி பேண்ட் பிடிக்கும்" என்றேன். விட்டான். "இடுப்பு முப்பத்தெட்டு" என்றேன். எழுதுகிறவளுக்கு மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை, எவ்வளவு என்றாள். "முப்பத்தெட்டு! உனக்கும் எனக்கும் சேர்த்து எழுதிக்க" என்று நான் சத்தமாகச் சொன்னேன். அப்புறம் அவர் கொண்டுவந்த துணியை அளந்து பார்த்துவிட்டு, "இது ஒரு ஆளுக்கான துணிங்க, இன்னும் அரை மீட்டர் வேணும்" என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே, "ஸ்கூல்ல இவன் பேரே டாக்ஸுங்க. அந்த அரை மீட்டரை டாக்ஸா கட்டிக்கிறேன்" என்றார். பெஞ்சில் இருந்த பெண்கள் இருவரும் குனிந்துகொண்டார்கள், தோள் குலுங்கியது. அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குண்டாக இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும், நானே அதை வருடக்கணக்கில் சிரித்திருக்கிறேன். கேலி வாயிலிருந்து கிளம்பும்போதே நாம் சிரிக்க ஆரம்பித்துவிட வேண்டும், சொன்னவர் முடிப்பதற்குள். அப்படிச் செய்தால் அது நம்மைப் பற்றிய கேலியாக இல்லாமல் நாமும் சேர்ந்து ரசிக்கும் ஒரு விஷயமாகிவிடும். கொஞ்ச நாளில் நாமே முந்திக்கொண்டு நம்மைக் கேலி செய்யவும் கற்றுக்கொள்வோம். ஊரில் அதற்கு நல்ல பேர் உண்டு, 'ஜாலியான பிள்ளை'. குண்டுப் பிள்ளைகள் ஜாலியானவர்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நான் வீட்டுக் கிணற்றடியில் எவ்வளவு ஜாலியாக இருந்தேன் என்பது துவைக்கிற கல்லுக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தும் எனக்கு அது என்ன என்று அன்று உறைக்கவில்லை. அளவு எடுக்கும்போது காலர் பக்கம் அவன் கழுத்தைப் பார்த்தேன். பிடரியில் வளையமாகக் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்த அப்பா, "குளிக்கவே மாட்டாங்க, அழுக்கு" என்றார். "பீர்க்கங்கூடு போட்டு நல்லா தேய்ச்சுக் குளி சாமி" என்று நானும் என் பங்குக்குப் புத்தி சொன்னேன்.

சாயங்காலம் கடையைக் கூட்டும்போது அம்மா ஸ்டூலில் இருந்தபடியே கேட்டாள். "உன்ற அளவை நான் ஒருக்காவாவது சத்தமா சொல்லியிருக்கனா கண்ணு?"

துடைப்பத்தோடு நின்றுவிட்டேன். சொன்னதே இல்லை. எனக்கு மட்டுமில்லை. யோசித்துப் பார்த்தால் அம்மா யாருடைய அளவையும் வாயால் சொன்னதில்லை. டேப்பை வைப்பாள், எடுப்பாள், கழுத்தில் போட்டுக்கொள்வாள், தானே போய் நோட்டில் எழுதுவாள். மூன்றாம் வகுப்பு படித்தவள், எழுத நேரமாகும். ஒரு ஆள் வைத்துக்கொண்டால் சீக்கிரம் முடியுமே என்று நான்தான் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். அம்மாவின் மெத்தனம் என்று நினைத்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கிறது. 30 வருடம் பக்கத்தில் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

அந்த பேண்டை அம்மா என்னைத் தைக்க விடவில்லை. என்னை ஊசி கோக்கச் சொல்லி, கையால் தடவித் தடவிப் பின்பக்கத் தையலை அவளே ஓட்டினாள். இரண்டு இஞ்ச் துணி உள்ளே விட்டிருந்தாள். அடுத்த ஜூனில் பையன் வரவில்லை. அவன் அம்மா பேண்டை மட்டும் எடுத்து வந்து, சின்னதாயிருச்சு என்றார். அம்மா பதில் பேசாமல் தையலைப் பிரித்து விட்டு, அரை மணி நேரத்தில் கொடுத்தனுப்பினாள். காசு வாங்கவில்லை.

அழுக்கு இல்லை

இதோடு முடிந்திருந்தால் ஒரு வாய்த்துடுக்கு என்று மறந்திருப்பேன். 2021-இல் என் தங்கை மகளைக் கோயமுத்தூரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். 13 வயது, கொரோனா காலத்தில் ஒன்றரை வருடம் போனும் கையுமாக ஆன்லைன் கிளாஸ். அதே காலத்தில் 11 கிலோ கூடியிருந்தாள், மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளியிருந்தது. தங்கை உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தாள், "திங்கறது மட்டும்தான் டாக்டர் வேலை". டாக்டர் அவளைக் கையமர்த்திவிட்டுப் பிள்ளையிடம், "உன் எடையைப் பார்க்கணும், பார்க்கலாமா?" என்று கேட்டார். கேட்டார்! அவள் தலையாட்டியதும், எண் அவளுக்குத் தெரியாதபடி மிஷினில் திரும்பி நிற்கச் சொன்னார். பார்த்ததை வாயால் சொல்லவில்லை. தானே எழுதிக்கொண்டார். எனக்குச் சுவரோர ஸ்டூல் ஞாபகம் வந்துவிட்டது.

அப்புறம் பிள்ளையின் பின்னலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். அதே கறுப்பு. "பயத்தமாவு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்ச்சாச்சு டாக்டர், போக மாட்டேங்குது" என்றாள் தங்கை. சில இடத்தில் தோல் உரிந்தே இருந்தது. "இது அழுக்கு இல்லம்மா" என்றார் அவர். அகாந்தோசிஸ் நைகிரிக்கன்ஸ் என்று பெயராம். உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காதபோது கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் தோலின் செல்களையும் தூண்டிவிட, கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. தேய்த்தால் போகாது, புண்தான் ஆகும். உள்ளே இன்சுலின் இறங்கினால் தானாக வெளுக்கும். சர்க்கரைக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தப் பையனின் பிடரிதான். அது கழுத்தில் எழுதி ஒட்டிய எச்சரிக்கை. நானும் அவன் அப்பாவும் அதைப் படித்துவிட்டு, குளிக்கவில்லை என்று அவனையே குற்றம் சொல்லியிருக்கிறோம். அந்த அப்பா மகனை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போக வாய்ப்பிருந்த ஒரே நிமிடத்தில் நான் பீர்க்கங்கூட்டைச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ராத்திரி கடை அடைத்ததும் போனில் தேடித் தேடிப் படித்தேன். 1961-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 10, 11 வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் கொடுத்து, யாரை அதிகம் பிடிக்கும் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்களாம். ஒரு குறையும் இல்லாத பிள்ளை, ஊன்றுகோலோடு ஒன்று, சக்கர நாற்காலியில் ஒன்று, ஒரு கை இல்லாதது, முகத்தில் தழும்புள்ளது, குண்டான பிள்ளை. குண்டுப் பிள்ளைக்குத்தான் கடைசி இடம். 2003-இல் அதையே திரும்பச் செய்தபோது குண்டுப் பிள்ளையை முன்னைவிட இன்னும் குறைவாகத்தான் விரும்பினார்கள். குறையுள்ள மற்ற நான்கு பேரிடம் இரக்கம் வரக் காரணம் எனக்குப் புரிந்தது. அவர்கள்மேல் தப்பில்லை என்று பிள்ளைகள் நினைத்திருக்கும். குண்டாக இருப்பது மட்டும் அந்தப் பிள்ளையே செய்துகொண்ட காரியம், வாயைக் கட்டினால் தீர்ந்தது. என் மாமாவும் அப்படித்தான் நினைத்தார், நானும் அந்த 38-ஐ அப்படித்தான் சொன்னேன்.

வாயைக் கட்டுவதைப் பற்றியும் படித்தேன். 1986-இல் டென்மார்க்கில் தத்துப் போன 540 பேரை வைத்து ஸ்டங்கார்ட் என்பவர் பார்த்தார். அவர்களின் உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது, சோறு போட்டு வளர்த்தவர்களை அல்ல. 1994-இல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்த பிறகுதான், கொழுப்புத் திசுவே மூளைக்குச் சேதி அனுப்பிப் பசியைக் கூட்டிக் குறைக்கிறது என்பது தெளிவானது. 2011-இல் மெல்போர்னில் பத்து வாரம் கடும் பத்தியத்தில் இளைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் ஏறித்தான் இருந்தன. காமாலைக்குப் பிறகு எனக்கு வந்த அந்தப் பசி! பழைய சோற்றுப் பானையைத் துழாவி நின்ற என்னைப் பார்த்து எல்லோரும் அலையுது என்றார்கள். போனதை உடம்பு திரும்பக் கேட்டது என்று இப்போது தோன்றுகிறது.

இதற்காக எல்லாம் பரம்பரை, விட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1990-க்கும் இன்றைக்கும் நடுவில் யாருடைய ரத்தமும் மாறிவிடவில்லை. ஆனால் 5 முதல் 19 வயது வரையில் உடல்பருமன் உள்ள பிள்ளைகள் இந்தியாவில் அப்போது சுமார் 4 லட்சம் பேர், 2022-இல் 1 கோடியே 25 லட்சம் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. சோறும் மாறியிருக்கிறது, விளையாடும் இடமும் மாறியிருக்கிறது. எங்கள் ஊஞ்சல் கட்டிய புளியமரம் நின்ற இடத்தில் இப்போது பேக்கரி.

என் கணவர் இதில் என்னோடு ஒத்துப்போகமாட்டார். "அப்ப யாரும் எதுவும் சொல்லக் கூடாதா? சுகர் வந்து கிடந்தா அப்ப மட்டும் ஐயோங்கிறதா?" என்பார். அவர் அப்பா சர்க்கரையில் கால் போனவர், அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. என்னிடம் முழுப் பதில் கிடையாது. அந்த டாக்டரும் சொல்லாமல் விடவில்லை. சர்க்கரை, மாதவிலக்கு, ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா எல்லாவற்றையும் பற்றிப் பேசினார், கதவைச் சாத்திக்கொண்டு, அவளிடமே கேட்டுக் கேட்டு. கேலி செய்து யாரையும் இளைக்க வைத்ததாக நான் படித்ததில் எங்கும் இல்லை. வீட்டார் கேலிக்கு ஆளான பிள்ளைகள் ஒளித்துத் தின்பதும், ஒரேயடியாகத் தின்பதும்தான் கூடியிருக்கிறது. எனக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அரிசி டப்பாவுக்குள் மிக்சர் பொட்டலத்தை ஒளித்து வைத்தவள் நான்.

இன்னும் எனக்கு விளங்காதது வேறு. நான் இளைத்துப்போய் பழசை மறந்தவள் இல்லை. இன்றைக்கும் குண்டுதான், அன்றைக்கும் குண்டுதான். அப்படியிருந்தும் அன்று எப்படி என் வாயில் அது வந்தது? ஒன்றுதான் தோன்றுகிறது. டேப்பைப் பிடித்திருக்கும் நேரம் ஒரு ஓய்வு. அந்த ஒரு நிமிடம் எல்லோர் கண்ணும் வேறொரு இடுப்பின் மேல் இருக்கிறது. டேப்பைப் பிடிக்கிற கையின் இடுப்பை யாரும் அளப்பதில்லை. அந்த நிமிடத்தின் சுகத்துக்காகத்தான் அந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்தினேன் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை

அவன் வைத்துப்போன அளவுச் சட்டைப்படி நான் தைக்கவில்லை. அவன் பணத்தை எண்ணிய நேரத்தில் தோளையும் முதுகையும் கண்ணால் அளந்துகொண்டேன். 25 வருடத் தொழிலில் கண்ணுக்கு அந்த அளவு பழக்கம் உண்டு. அளவுச் சட்டையைவிட நான்கு இஞ்ச் சுற்றளவு கூட்டி வெட்டினேன். விலா இரண்டிலும் ஒன்றரை இஞ்ச் துணியை உள்ளே விட்டேன். ஆண்கள் சட்டையில் யாரும் அவ்வளவு விடுவதில்லை, ஓவர்லாக் அடிக்கும் பெண் தப்பாக வெட்டிவிட்டேனோ என்று கேட்டாள். அவனுடைய பழைய சட்டைக்கும் அக்குளில் ஒட்டுத்துணி வைத்து, கிழிந்த காஜாக்களைத் திரும்ப எடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வந்தான். கடையில் யாரும் இல்லாத நேரம், நானே வரச் சொல்லியிருந்தேன். போட்டுப் பார் என்று திரைக்குப் பின்னால் அனுப்பினேன். அவன் முகம் தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

"தம்பி, ஒன்பதாவது போகும்போது யூனிஃபார்முக்கு இங்க வந்தியே, ஞாபகம் இருக்கா?"

கொஞ்ச நேரம் ஹேங்கர் சத்தம் மட்டும்.

"இருக்குங்க்கா."

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு."

திரை அசையவில்லை. பட்டன் போடுகிறான் என்று நினைத்தேன். அவ்வளவு நேரம் ஆகாது.

"அந்த பேண்ட் நல்லா இருந்துச்சுங்க்கா" என்றான் உள்ளிருந்து. "ரெண்டு வருசம் போட்டேன்."

வெளியே வந்தான். சட்டை உடம்பில் எங்கும் ஒட்டாமல் விழுந்தது. கையைத் தூக்கிப் பார்த்தான், கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். "அளவுச் சட்டையை விட லூசா இருக்குதுங்களே?" "காட்டன், ஒரு தண்ணியில சுருங்கும்" என்று பொய் சொன்னேன். பிடரியில் அந்தக் கறுப்பு இன்னும் இருந்தது. சர்க்கரை பார்த்திருக்கிறானா என்று கேட்க வாய் வரை வந்தது. அதைக் கேட்கிற இடத்தில் நான் இருக்கிறேனா என்று தெரியவில்லை. சட்டையை மடித்துப் பையில் போடும்போது, தங்கை மகளைக் காட்டினோமே அந்த டாக்டரைப் பற்றி, அவள் கழுத்தைப் பற்றி, வேறு யாரோ ஒருத்தரின் கதை மாதிரி இரண்டு நிமிடம் பேசினேன். அவன் கை தன்னால் காலருக்குப் போனது. குளித்தால் போகாதாமே என்றான். போகாது, அது அழுக்கே இல்லை என்றேன்.

மிச்சக் காசைக் கொடுத்துவிட்டு, "அளவை நோட்டுல எழுதி வெச்சுக்கட்டுமா? அடுத்த தடவைக்கு ஆகும்" என்று கேட்டேன்.

"வேண்டாங்க்கா" என்றான். பழைய சட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் புதுசு இருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டான். "அடுத்த தடவை இந்தச் சட்டையைக் கொண்டாறேன்."